ராணிப்பேட்டை: மூடிய ஆலையும் மூடப்படாத குவியலும்

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1975 முதல் 1995 வரை ஓடியது. மொத்தம் இருபது வருஷம். அது மூடிக் கிடக்கும் காலமோ முப்பது வருஷத்தை எட்டிவிட்டது. ஆலை நின்றபோது அதன் குரோமியக் கழிவு நிற்கவில்லை. மழைக்காலம் வந்தால் வளாகத்தின் ஓரங்களில் மஞ்சளும் பச்சையும் கலந்த தண்ணீர் கசிந்து தேங்குகிறது. வெயிலில் அது வற்றினால் தரையில் மஞ்சள் பொருக்கு படிகிறது. அடுத்த மழையில் அந்தப் பொருக்கு கரைந்து இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிப் போகிறது.

பாலாற்று மாசு என்றதும் எல்லோருக்கும் டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள்தான் நினைவுக்கு வரும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஆற்றங்கரை நெடுக தோல் ஷாப்புகள், அவற்றிலிருந்து வரும் கழிவுநீர், உச்ச நீதிமன்ற வழக்கு. இந்த நினைவில் தவறில்லை. ஆனால் அது பாதிக் கதை. குழாயிலிருந்து ஆற்றில் விழும் தண்ணீரைப் பார்த்தோம், கேள்வி கேட்டோம், வழக்குப் போட்டோம். ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கும் திடக்கழிவை அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை. அதைவிட மோசம், ஆற்றைக் காப்பாற்ற நாம் செய்த வேலைகளில் பல, தண்ணீரில் இருந்த நஞ்சை மண்ணுக்கு இடம் மாற்றின. மண்ணுக்குப் போனது மறுபடி தண்ணீருக்கு வந்தது. ராணிப்பேட்டையை இந்தச் சுற்று வழியாகப் பார்த்தால்தான் புரியும் என்று நினைக்கிறேன்.

ஊரும் தொழிலும்

பாலாற்றின் வடகரையில் ராணிப்பேட்டை, எதிர்க்கரையில் ஆற்காடு. தொழில் இங்கே நேற்று வந்ததல்ல. பாரி நிறுவனம் 1906-லேயே இங்கு சூப்பர் பாஸ்பேட் உர ஆலை தொடங்கியது, இந்தியாவில் அந்த வகையில் அதுதான் முதல். அப்புறம் பீங்கான், பிக்மென்ட், ரசாயனம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை. பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலையும் இங்கேதான் இருக்கிறது. கூடவே நூற்றுக்கணக்கான டேனரிகள். ஒரு சிறிய ஊரின் பரப்புக்குள் கனரக இன்ஜினியரிங், ரசாயனம், தோல் மூன்றும் அடுத்தடுத்து நிற்கும் இடங்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை. 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டபோது செர்னோபில், நோரில்ஸ்க் ஆகிய பெயர்களோடு ராணிப்பேட்டையும் அதில் வந்தது.

குரோமேட் ஆலை ஏன் இங்கே வந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. டேனரிகளுக்குத் தேவையான முக்கிய ரசாயனம் பேசிக் குரோமியம் சல்பேட். அதைச் செய்ய சோடியம் டைகுரோமேட் வேண்டும். இரண்டையும் இந்த ஆலை செய்தது. வாங்குகிறவர்கள் சுற்றிலும் இருந்தார்கள். அதாவது பக்கத்துப் பக்கத்தில் நடந்த இரண்டு தொழில்களுக்கும் ஒரே உலோகம்தான் ஆதாரம். மண்ணிலும் ஆற்றிலும் இன்று நாம் தேடிக்கொண்டிருப்பதும் அதே உலோகத்தைத்தான்.

ஒரே உலோகம், இரண்டு குணம்

குரோமியத்துக்கு இரண்டு முகம் உண்டு. குரோமியம்-3 சுலபத்தில் கரையாது, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், நச்சுத்தன்மையும் குறைவு. குரோமியம்-6 நேர் எதிர். தண்ணீரில் நன்றாகக் கரையும், மண்ணில் தங்காது, தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. குரோமேட் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்குத் தோலில் ஆழமான புண் வருவதும், மூக்கின் நடுத்தண்டு ஓட்டையாவதும், நுரையீரல் புற்று வருவதும் பல நாடுகளில் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பதிவாகி வந்திருக்கிறது.

பூமியிலிருந்து தோண்டும் குரோமைட் தாதுவில் இருப்பது குரோமியம்-3. அது அப்படியே இருந்தால் பெரிய தொந்தரவு இல்லை. ஆலையில் அதைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் கலந்து 1,000 டிகிரிக்கு மேல் சூளையில் வறுக்கிறார்கள். காற்றுப் பட்டு வறுபடும்போது குரோமியம்-3 குரோமியம்-6 ஆக மாறுகிறது. பிறகு தண்ணீர் விட்டால் மஞ்சள் குரோமேட் கரைந்து வரும். அதில் கந்தக அமிலம் சேர்த்தால் ஆரஞ்சு நிற டைகுரோமேட். கரையாமல் மிஞ்சும் கரடுமுரடான மண் போன்ற பொருள்தான் கழிவு.

அந்தக் கழிவில் கரைய வேண்டியதெல்லாம் கரைந்து போயிருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. குரோமியம்-6-ல் ஒரு பகுதி கழிவின் கனிமத் துகள்களுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. சுண்ணாம்பு சேர்ந்திருப்பதால் கழிவு கடும் காரத்தன்மையோடு இருக்கும். காரத்தில் குரோமியம்-6 மண்ணில் ஒட்டாமல் இன்னும் எளிதாக நகரும். ஒரே டீத்தூளில் திரும்பத் திரும்ப வெந்நீர் ஊற்றினால் நாலாவது தடவை வெறும் தண்ணீர்தான் வரும். இந்தக் கழிவு அப்படி வெளுப்பதில்லை. ஒவ்வொரு மழைக்கும் உள்ளேயிருந்து புதிதாகக் கொஞ்சம் கரைந்து வந்துகொண்டே இருக்கும். அதுவும் வருஷக் கணக்கில் இல்லை, பத்தாண்டுகளின் கணக்கில்.

இந்தக் கழிவு ஏறத்தாழ 2.27 லட்சம் டன் என்பது அரசுத் தரப்பு சொல்லிவரும் கணக்கு. ஆலை வளாகத்திலேயே, ஆள் உயரத்துக்கு இரண்டு மூன்று மடங்காக, வெட்டவெளியில் கொட்டப்பட்டது. கீழே பிளாஸ்டிக் விரிப்பும் இல்லை, களிமண் தளமும் இல்லை.

கிணற்றுக்குப் போன வழி

இந்தப் பகுதியின் அடிநிலம் கடும்பாறை. மேலே சில மீட்டருக்குச் சிதைந்த பாறை, அதற்குக் கீழே வெடிப்புகள். மணல் பூமியில் மாசு பரவினால் ஓரளவு ஒரே சீராகப் பரவும், எங்கே போகும் என்று கணிக்கலாம். வெடிப்புப் பாறையில் அந்தச் சௌகரியம் இல்லை. ஒரு வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ தண்ணீர் அந்தப் பக்கம் போகும். ஒரு போர்வெல்லில் மஞ்சள் தண்ணீர் வரும்போது அடுத்த தெருவில் இருக்கும் போர்வெல் பார்வைக்குச் சுத்தமாக இருக்கலாம். அந்தச் சுத்தத்தை நம்பி யாரும் இருந்துவிட முடியாது. பக்கத்தில் புது போர் போட்டு வேகமாக இறைத்தாலே நீரோட்டத்தின் திசை மாறிவிடும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே விரிவாக ஆய்வு செய்தது. ஆலையைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரில் லிட்டருக்கு 275 மில்லிகிராம் வரை குரோமியம் இருந்ததை அதன் விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். குடிநீரில் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். 275-ஐ 0.05-ஆல் வகுத்தால் 5,500 வருகிறது. இது உச்ச அளவுதான், எல்லாக் கிணற்றிலும் இப்படி இல்லை. ஆனால் 0.05-ஐத் தாண்டியதாகத் தெரிய 275 வரை போக வேண்டியதில்லை. 1 மில்லிகிராம் இருந்தாலே அது இருபது மடங்கு. அந்த 1 மில்லிகிராம் அளவில் தண்ணீரின் மஞ்சள் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். நிறம் தெரிகிற தண்ணீரை யாரும் குடிக்க மாட்டார்கள். நிறம் தெரியாத அளவில் மாசுபட்ட கிணறுகள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன.

காரை, புளியந்தாங்கல் பக்கத்து ஏரிகள் இந்தத் தண்ணீரின் வழியில் இருக்கின்றன. நம் பக்கத்து ஏரி அமைப்பில் ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குப் போகும், கடைசியில் ஆற்றுக்கு. விவசாயத்துக்காக எத்தனையோ தலைமுறையாகக் கட்டிக்காத்த அதே கால்வாய்த் தொடர் மாசுக்கும் பாதையாகிவிட்டது. மேலே ஓடுவதானாலும் கீழே ஊறுவதானாலும் அந்த வட்டாரத்து நீரெல்லாம் கடைசியில் சேரவேண்டிய இடம் பாலாறு.

பாலாறும் தோலும்

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். வருஷத்தில் பெரும்பாலான நாள் மேலே மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடும். ஆற்றுப்படுகையில் ஊற்றுக்கால் தோண்டி அந்த நீரை வயலுக்குக் கொண்டுபோனவர்கள் இந்தப் பகுதி விவசாயிகள். மேலே வறண்டு தெரிந்தாலும் உள்ளே ஓடும் ஆறு இது. இதைப் புரிந்துகொள்ளாமல், காய்ந்த மணல்தானே என்று கழிவுநீரை விட்டதில்தான் முதல் கேடு தொடங்கியது. ஓடும் ஆற்றில் விட்டால் வெள்ளம் கொஞ்சமாவது அடித்துக்கொண்டு போகும். மணலில் விட்ட கழிவு அங்கேயே இறங்கி ஊற்றில் கலந்தது.

டேனரிகள் எப்போதும் இவ்வளவு கேடு செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஆகும். நாற்றம் உண்டு, கழிவு உண்டு, ஆனால் குரோமியம் கிடையாது. 1972-ல் மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து முழுதாக முடித்த தோலை ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்நியச் செலாவணி அதிகம் வரும், வேலையும் உள்நாட்டிலேயே தங்கும். பொருளாதாரமாகப் பார்த்தால் நியாயமான முடிவு. அதற்குத் தோதாக டேனரிகள் வேகமாகக் குரோமுக்கு மாறின. குரோமில் தோல் ஒரே நாளில் பதமாகி, வெளிர் நீல நிறத்தில் டிரம்மிலிருந்து இறங்கும். அதைத்தான் தொழிலில் 'வெட் ப்ளூ' என்கிறார்கள். வழக்கமான முறையில் டிரம்மில் போட்ட குரோமில் 60, 70 சதவீதத்தைத்தான் தோல் எடுத்துக்கொள்ளும். மீதி கழிவுநீரில். உற்பத்தியை மாற்றச் சொன்ன கொள்கையில், அந்த மீதி எங்கே போகும் என்பதற்கு ஒரு வரிகூட ஏற்பாடு இல்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் வர இன்னும் இருபது வருஷம் ஆயிற்று.

குரோமைப் பற்றியே பேசி உப்பை மறந்துவிடுகிறோம். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்பைத் தாராளமாகத் தடவித்தான் அனுப்புவார்கள். டேனரியில் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவுவது. அப்புறம் சுண்ணாம்பு, சோடியம் சல்பைடு. இந்த உப்பு எந்தச் சாதாரணச் சுத்திகரிப்பிலும் போகாது. விவசாயிக்கு முதலில் தெரிந்ததும் உப்புதான். காலையில் வரப்போரம் வெள்ளையாக உவர் பூத்திருக்கும். சோடியம் ஏறிய களிமண் தண்ணீரை உள்ளே விடாது. பாய்ச்சிய நீர் மேலேயே நிற்கும், காய்ந்தால் மண் பாளமாக இறுகும், ஏர் இறங்காது. நெல் முளைத்து மஞ்சளித்துப் போகும். தென்னை மட்டும் தாக்குப்பிடிக்கும், காய் சிறுத்துவிடும். சோதனைக்கூடத்துக்குப் போகாமலேயே நிலத்துக்காரருக்கு விஷயம் தெரிந்துவிடும்.

வழக்கு

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று குல்தீப் சிங், பைசானுதீன், கே.வெங்கடசாமி ஆகிய நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் யாரும் இந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது. கேடு உறுதியாக நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கையாக நடக்க வேண்டும் என்பதும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதும் இந்த நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. ஒரு கிலோ முடித்த தோலுக்குக் கிட்டத்தட்ட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், டேனரி வட்டாரத்தில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வும் தீர்ப்பிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பீட்டைக் கணக்கிட ஒரு ஆணையம். பசுமை வழக்குகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி அமர்வு.

ஆணையம் நீதிபதி பாஸ்கரன் தலைமையில் அமைந்து 2001 மார்ச்சில் தன் முடிவை அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். நிலம் 15,000 ஹெக்டேருக்குச் சற்றுக் கூடுதல். கட்ட வேண்டிய தொழிற்சாலைகள் 547. மொத்த இழப்பீடு சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட வரவில்லை. கிணறு கெட்டு, நிலம் கெட்டு, குடும்பம் விவசாயத்தை விட்டதற்கு இந்தத் தொகை. இதை எழுதும்போதே மனசு ஆறவில்லை. அந்தத் தொகையும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை.

அதனால்தான் விஷயம் மறுபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் இழப்பீடு கொடுக்க வேண்டும், அரசு முதலில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. நிலம் சீராகும் வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தொடரும், ஒரு தடவை பணம் கட்டிவிட்டால் முடிந்துவிடாது என்பதையும் தெளிவாக்கியது. எனக்கு இந்தத் தீர்ப்பில் முக்கியமாகப் பட்டது இந்தக் கடைசிப் பகுதி. 1996-க்கும் 2025-க்கும் நடுவே 29 வருஷம் ஓடிவிட்டது. முதல் மனுவின்போது நிலம் வைத்திருந்தவர்களில் பலருக்கு இப்போது பேரப்பிள்ளைகள் மனுதாரர்கள் வயதில் இருப்பார்கள்.

சுத்திகரிப்பு எதைச் சுத்தம் செய்தது

வழக்கின் நெருக்கடியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. குரோமைத் தனியாகப் பிரித்துத் திரும்பப் பயன்படுத்தும் அமைப்புகள் வந்தன. சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தண்ணீர் இல்லாமல் குரோம் ஏற்றும் முறைவரை உருவாக்கியது. பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற விதி. இதற்காகப் பல கோடி செலவானது, உழைப்பும் நிஜமானது. ஆற்றில் நேரடியாக விடுவது முன்பு இருந்த அளவுக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, தண்ணீரிலிருந்து எடுத்தது எங்கே போனது? சுண்ணாம்பு போட்டுக் குரோமைப் படிய வைத்தால் அது கசடாகச் சேருகிறது. எதிர்ச் சவ்வூடு பரவலும் (ஆர்.ஓ.) ஆவியாக்கியும் வைத்து உப்பைப் பிரித்தால் சாதா உப்பும் சோடியம் சல்பேட்டும் கலந்த ஒரு கலவை மூட்டை மூட்டையாகச் சேருகிறது. அந்தக் கலப்பு உப்பை வாங்க ஆளில்லை, கொட்ட இடமில்லை, கொட்டகைக்குள் அடுக்கித்தான் வைக்க வேண்டும். மழை பட்டால் ஒரே நாளில் கரைந்து பழைய இடத்துக்கே போய்விடும் பொருள் அது.

கசடு என்ன செய்யும் என்பதை 2015 ஜனவரி 31 காட்டியது. அன்று நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. சேறும் கழிவும் பக்கத்து டேனரிக்குள் பாய்ந்தன. அங்கே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களில் 10 பேர் செத்துப் போனார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாலாற்றுக்குப் போகாமல் தடுத்து நிறுத்திய கழிவுதான் அந்தத் தொட்டியில் இருந்தது. இதைத் தனி விபத்தாக எழுதிவிட்டு நகர்வது தவறு. கழிவை அகற்றும் வழி இல்லாமல் சேர்த்துக்கொண்டே போனால் ஒருநாள் சுவர் தாங்காது. குரோமேட் குவியலுக்கும் இந்தத் தொட்டிக்கும் அடிப்படைக் கோளாறு ஒன்றுதான்: உற்பத்திக்குக் கணக்கு இருந்தது, மிஞ்சுவதை எங்கே வைப்பது என்பதற்குக் கணக்கு இல்லை.

குடிநீர் விஷயத்திலும் இதே கதைதான். இன்று மேட்டூர்ப் பக்கத்திலிருந்து காவிரி நீர் குழாய் வழியாக வேலூர் வட்டாரத்து நகரங்களுக்கு வருகிறது. பாலாற்றின் கரையில் இருக்கும் ஊர்கள் காவிரியைக் குடிக்கின்றன. அது மக்களுக்குத் தேவையான உதவி, அதில் இரண்டாம் கருத்தில்லை. ஆனால் குடிநீர் வேறு வழியில் வந்துவிட்டதால் கிணற்றைப் பற்றி நிர்வாகம் கவலைப்படுவது குறைந்துவிட்டது. மாட்டுக்கும் வயலுக்கும் குளிப்பதற்கும் இன்னமும் அந்தக் கிணறுதான்.

மற்ற ஊர்கள்

ராணிப்பேட்டையில் இருப்பது போன்ற குவியல் வேறு ஊர்களிலும் உண்டு. அவற்றைப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரிகிறது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒரு குரோமேட் ஆலை 1960-களின் கடைசியில் மூடியது. அரை நூற்றாண்டு கழித்து, 2021-ல், அந்தப் பகுதியின் ஓடை ஒன்று பளிச்சென்று பச்சையாக ஓடியது. சும்மா விட்டால் தானாகத் தீர்ந்துவிடும் என்று காத்திருப்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஹட்சன் வட்டாரத்தில் இதே வகைக் கழிவை வீட்டுமனைகளுக்கும் சாலைகளுக்கும் அடித்தளமாகவே நிரப்பியிருந்தார்கள். அங்கே ஒரு குவியலின் மேல் தார் போட்டு மூடிப் பார்த்தார்கள். கழிவு உள்ளுக்குள் ஊதிப் பெருத்து மேல்தளத்தைத் தூக்கிவிடும் குணம் கொண்டது என்பதால் அது நிலைக்கவில்லை. அந்த ஊர் மக்கள் தொடர்ந்த வழக்கில், 2003-ல் அமெரிக்க நீதிமன்றம் முழுவதையும் தோண்டி எடுக்க ஹனிவெல் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. கழிவைக் கொட்டியது வேறொரு பழைய நிறுவனம். ஹனிவெல் அதன் வாரிசு. ஆலை மூடிவிட்டது, பெயர் மாறிவிட்டது, கைமாறிவிட்டது என்ற வாதம் எடுபடவில்லை. சொத்தை வாங்கியவருக்குக் கழிவும் சேர்ந்தே வரும்.

உத்தரப் பிரதேசத்தில் கான்பூரை ஒட்டிய ரனியாவிலும் குரோமியக் குவியல் உண்டு. அங்கேயும் காரணம் பேசிக் குரோமியம் சல்பேட் செய்த ஆலைகள். 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 22 ஆலைகள் மீது 280 கோடி ரூபாய் விதித்தது. நம் ஊர் இழப்பீட்டைப் போலப் பத்து மடங்கு.

ராணிப்பேட்டைக் குவியலுக்கும் ஆய்வுகள், திட்ட அறிக்கைகள், பசுமைத் தீர்ப்பாய விசாரணைகள் என்று வருஷங்கள் போயிருக்கின்றன. தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. இரும்பு சல்பேட் போன்ற பொருளைச் சேர்த்துக் குரோமியம்-6-ஐக் குரோமியம்-3 ஆக மாற்றலாம். ஆனால் துகளுக்குள் சிக்கியதை மேலே தெளித்த மருந்து தொடாது, அரைத்துக் கலக்க வேண்டும், அதன் காரத்தன்மையையும் குறைக்க வேண்டும். நிலத்தடி நீரைத் தனியாக இறைத்துச் சுத்திகரிக்க வேண்டும். குவியலை மட்டும் எடுத்துவிட்டு அடியில் ஊறிப்போன மண்ணை விட்டால் பாதி வேலைதான். மண்ணை எடுத்துவிட்டு வெடிப்புகளில் இருக்கும் நீரை விட்டால் அதுவும் அப்படித்தான். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால் செலவு பெரிது, காலமும் நீளும். அந்தச் செலவு ஒவ்வொரு பருவமழைக்கும் கூடிக்கொண்டே போகும், ஏனென்றால் மாசுபட்ட மண்ணின் பரப்பு கூடிக்கொண்டே போகிறது.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கென்று முதல்முறையாகத் தனி விதிகள் வெளியிட்டது. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதிக்க வேண்டும், யார் பொறுப்பு என்று தீர்மானிக்க வேண்டும். ஓடும் ஆலையைக் கட்டுப்படுத்த 1974 முதல் சட்டம் இருந்தது. மூடிய ஆலையின் மண்ணுக்கென்று ஒரு ஒழுங்குமுறை வர அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. ராணிப்பேட்டையில் இதை உடனே பயன்படுத்த ஆய்வுத் தரவுகள் தயாராக இருக்கின்றன. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை.

கிணறு வைத்திருப்பவர்களுக்கு

குவியல் அகலும் வரை காத்திருக்க முடியாதவர்கள் அந்தக் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு உபயோகமான சில விஷயங்கள். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கும்போது 'வாட்டர் டெஸ்ட்' என்று பொதுவாகச் சொன்னால் உப்பு, கடினத்தன்மை, கிருமி இவற்றைப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். மொத்தக் குரோமியமும் குரோமியம்-6-ம் தனித்தனியாக வேண்டும் என்று எழுதிக் கேட்க வேண்டும். கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை என்று இரண்டு தடவை எடுப்பது நல்லது, மழைக்குப் பின்தான் கழிவு கரைந்து கிணற்றை எட்டும். போன வருஷம் சுத்தமாக வந்த முடிவை இந்த வருஷத்துக்கு நம்பக் கூடாது. கொதிக்க வைத்தால் குரோமியம் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி ஏறும். துணியில் வடிகட்டினாலும் மணல் பில்டரிலும் போகாது, ஏனென்றால் அது முழுதாகக் கரைந்திருக்கிறது. ஆர்.ஓ. பெருமளவு குறைக்கும், ஆனால் அது கழித்து வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கோ மாட்டுக்கோ விடக் கூடாது. சோதனை முடிவை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளாமல் கிணற்றின் சர்வே எண்ணோடு சேர்த்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்க வேண்டும். இழப்பீட்டுக்குத் தகுதி யாருக்கு உண்டு என்று அடுத்த முறை பட்டியல் எடுக்கும்போது அந்த ரசீது கேட்கப்படும்.